கோப்பு தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும்

நீண்ட பதிவு இது. ஆய்வு மாணவர்களும் ஆசிரியர்களும் பொறுமையோடு வாசித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கோப்புகள் என்னிடம் பேச மறுத்தன. ஒன்று, என் ஆய்வுக்குப் பயன்படும் உருபனியல் பகுப்பியின் ஆப்ஜெக்ட் கோப்பு. மற்றொன்று, தாராவியில் மூடப்படவிருந்த ஒரு டிடிபி கடையின் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடந்த அச்சுக் கோப்பு. முதலாவது கணினியியலாருக்கு உரியது, இரண்டாவது தமிழ் ஆய்வாளருக்கு உரியது என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். இரண்டும் ஒரே சிக்கல் என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சிக்கலுக்குக் கணினியியலார் ஓரளவு விடை கண்டிருக்கிறார்கள். தமிழ் ஆய்வுலகம் இன்னும் கேள்வியாகவே அதை எழுப்பவில்லை.

முதற்கோப்பின் கதை இது. சொல்லை உருபுகளாகப் பிரித்துத் தரும் அந்த நிரல், ‘போயிருந்திருப்பாரோ’ போன்ற நீண்ட வினைமுற்றுகளைக் கண்டால் நடுவிலேயே நின்றுவிடும். எந்த வரியில் நிற்கிறது என்று அறிய ஜி.டி.பி. என்னும் வழுநீக்கியை அழைத்தேன். சர்வரில் இருந்த ஜி.டி.பி. பழையது. அது தந்த விடையின் சாரம்: தொகுப்பலகின் தலைப்பில் பதிப்பெண் தவறு, இருப்பது 5, இருக்க வேண்டியது 2, 3 அல்லது 4.

இரண்டாவதன் கதை வேறு. அந்தக் கடை அண்ணாச்சி 1990களின் இறுதியிலிருந்து தாராவியில் தமிழ் அச்சுக்கோப்பு செய்துவந்தவர். திருமண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், பள்ளி ஆண்டுவிழா மலர், கண்ணீர் அஞ்சலி என்று பேட்டையின் எழுத்து வாழ்வே அந்த வட்டில் இருந்தது. மும்பைத் தமிழின் எழுத்து வழக்கை ஆராய்கிற எனக்கு அது புதையல். பேஜ்மேக்கர் கோப்புகளிலிருந்து வெற்று உரையை மட்டும் பிரித்தெடுத்தேன். தமிழ் உரை எது என்று அறிய நானே எழுதிய வடிகட்டியில் செலுத்தினேன். கோப்புக்குக் கோப்பு ‘தமிழ் இல்லை’ என்று அது எழுதித் தள்ளியது. பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, “ஏம்மா, தமிழ் படிச்ச பிள்ளைக்கு நான் அடிச்ச தமிழ் வாசிக்கத் தெரியலையா?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை.

இரண்டு மறுப்புகளின் தரம் ஒன்றல்ல. ஜி.டி.பி. தான் கண்டதையும் தனக்குத் தெரிந்ததையும் தனித்தனியே சொன்னது. அதனால் புதிய பதிப்பை நிறுவிப் பத்து நிமிடத்தில் வேலையைத் தொடர முடிந்தது. என் வடிகட்டியோ பொய் சொன்னது. ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று எழுதியது. என் கருத்தை இங்கேயே வைத்துவிடுகிறேன்: கோப்பு தன் வடிவத்தைத் தானே அறிவிக்க வேண்டும்; அறிவிக்காத கோப்பைப் படிக்கும் கருவி, இன்மையையும் அறியாமையையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் செய்யாத ஆய்வுத்துறை தன் தரவுகளைத் தானே அழிக்கிறது.

முதலில் ஆப்ஜெக்ட் கோப்பு எப்படித் தன்னை அறிவிக்கிறது என்று பார்ப்போம். மனிதர் எழுதும் நிரலைக் கம்பைலர் இயந்திரக் கட்டளைகளாக மாற்றுகிறது. மாறிய பின் மாறிகளின் பெயரும் வரி எண்களும் இயந்திரத்துக்குத் தேவையில்லை. ஆனால் பிழை தேடும் மனிதருக்குத் தேவை. இந்த முகவரியில் உள்ள கட்டளை மூலநிரலின் எந்த வரியிலிருந்து வந்தது, இந்த நினைவிடத்தில் இருப்பது எந்த மாறி, அதன் வகை யாது என்பவற்றைக் கம்பைலர் தனியே குறித்து வைக்கிறது. அதுவே வழுநீக்கத் தகவல். செய்யுளுக்கு அரும்பதவுரை எப்படியோ, இயந்திரக் கட்டளைக்கு அது அப்படி.

இந்த அரும்பதவுரையை எழுதும் முறை ஒன்றாக இருக்கவில்லை. பெர்க்லியில் பாஸ்கல் மொழிக்கான ஒரு வழுநீக்கிக்காகப் பிறந்த ஸ்டேப்ஸ் என்னும் வடிவம் யூனிக்ஸ் உலகில் நெடுங்காலம் வழங்கியது. பெல் ஆய்வகத்தில் உருவான டிவார்ஃப், இ.எல்.எஃப். என்னும் கோப்பு வடிவத்துக்குத் துணையாகப் பரவியது. அதன் 2ஆம் பதிப்பு 1993இல், 3ஆம் பதிப்பு 2005இல், 4ஆம் பதிப்பு 2010இல், 5ஆம் பதிப்பு 2017இல் வந்தன. மைக்ரோசாஃப்ட் உலகில் கோட்வியூ என்னும் வேறொரு மரபு உண்டு. ஜி.சி.சி. கம்பைலர் 2021இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து டிவார்ஃப் 5ஐ இயல்பாக எழுதுகிறது. 2023இல் வந்த 13ஆம் பதிப்பில் ஸ்டேப்ஸ் எழுதும் வசதியையே நீக்கிவிட்டது. எனவே எந்தக் கம்பைலர், எந்த ஆண்டு என்பதைப் பொறுத்து ஒரே நிரலின் ஆப்ஜெக்ட் கோப்புகள் வெவ்வேறு வடிவில் இருக்கும்.

இவற்றைக் கண்டறியும் முறை படிப்படியானது. கோப்பின் முதல் நான்கு பைட்டுகளைப் பார்த்தால் அது இ.எல்.எஃப். தானா என்று தெரிந்துவிடும்: 127 என்ற எண், அதனை அடுத்து இ, எல், எஃப் என்னும் மூன்று எழுத்துகள். ஐந்தாம் பைட்டு 32 பிட்டா 64 பிட்டா என்பதைச் சொல்லும். ஆறாம் பைட்டு எண்களின் பைட்டு வரிசையைச் சொல்லும். பிறகு உட்பிரிவுகளின் பெயர்ப்பட்டியல். ‘ஸ்டேப்’ என்ற பெயருள்ள பிரிவு இருந்தால் ஒரு மரபு, ‘டீபக் இன்ஃபோ’ என்ற பெயருள்ள பிரிவு இருந்தால் மற்றொரு மரபு. டிவார்ஃப் என்று தெரிந்த பின், அலகுத் தலைப்பில் முதலில் நீளம், அடுத்த இரண்டு பைட்டுகளில் பதிப்பெண். நீளத்துக்கான நான்கு பைட்டுகளும் 255ஆக இருந்தால் அது 64 பிட்டு வகை டிவார்ஃப்; உண்மையான நீளம் அடுத்த எட்டு பைட்டுகளில் இருக்கும். இதில் எந்தப் படியிலும் ஊகத்துக்கு வேலையில்லை. கோப்பின் பெயர் எவ்வாறு முடிகிறது என்பதையும் நம்பத் தேவையில்லை.

பதிப்பெண் ஏன் இவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதற்கு 5ஆம் பதிப்பே விளக்கம். அதில் தலைப்பின் புலங்கள் இடம் மாறின: முகவரியின் அளவு முன்னே வந்தது, அலகின் வகையைச் சொல்லும் புதிய புலம் ஒன்று சேர்ந்தது. பதிப்பெண்ணைப் பார்க்காத கருவி, அலகின் வகையையும் முகவரியின் அளவையும் வேறோர் எண்ணின் பகுதியாகப் படித்து, இல்லாத இடத்தில் போய் எதையோ தேடும். எல்லாம் மாறினாலும் பதிப்பெண் மட்டும் இடம் மாறாமல் நிற்பதால்தான் பழைய ஜி.டி.பி.யாலும் ‘இது 5’ என்று சொல்ல முடிந்தது. தான் படிக்க இயலாத எதிர்காலக் கோப்பையும் அடையாளம் காணும் ஆற்றலை வடிவமைப்பாளர்கள் அதற்கு முன்கூட்டியே தந்திருந்தார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு நிரல் பல அலகுகளை இணைத்து உருவாகிறது. ஒவ்வோர் அலகுக்கும் தனித் தலைப்பு, தனிப் பதிப்பெண். பழைய நூலகத்திலிருந்து வந்த அலகு 4ஆகவும், நேற்றுத் தொகுத்த அலகு 5ஆகவும் ஒரே கோப்பில் அருகருகே இருக்கலாம். வரி எண்களின் அட்டவணைக்குத் தனிப் பதிப்பெண். ஆகவே ‘இந்தக் கோப்பின் வடிவம் என்ன?’ என்ற கேள்வியே சில வேளை பிழையான கேள்வி. ‘இந்தக் கோப்பில் எங்கே எந்த வடிவம்?’ என்பதே சரி. மொழியியலாருக்கு இது புதிதன்று. ஒரே உரையாடலில் ஒருவர் திருநெல்வேலி வழக்கிலிருந்து மும்பை இந்திக்கும், அங்கிருந்து மேடைத் தமிழுக்கும் மாறுவதைத் தாராவியில் அன்றாடம் கேட்கலாம். பேச்சு முழுவதற்கும் ஒரே பெயர்ச்சீட்டு ஒட்டினால் அது எவருடைய பேச்சாகவும் இராது.

ஜி.டி.பி.யைப் பாராட்டும்போதே அதன்மேல் எனக்கொரு குறையும் உண்டு. அது ‘தவறு’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது. கோப்பில் தவறில்லை, படிப்பவர் பழையவர், அவ்வளவுதான். மாட்டுங்காவின் தமிழும் செம்பூரின் தமிழும் தாராவியின் தமிழும் வேறுபடுவது கண்டு, தன் வீட்டுத் தமிழ் அல்லாததையெல்லாம் ‘தப்புத் தமிழ்’ என்று சொல்வோரை நாம் அறிவோம். கருவியும் அப்படிப் பேசக்கூடாது. கேட்டவருக்கு அது மூன்று விடைகளைத் தனித்தனியே தர வேண்டும்: ‘உண்டு, வடிவம் இது’, ‘உண்டு, ஆனால் இவ்வடிவம் எனக்குத் தெரியாது’, ‘இல்லை’. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக்கினால், இருக்கும் செல்வத்தை இல்லையென்று எழுதிவிட்டுப் போவோம். என் வடிகட்டி அதைத்தான் செய்தது.

இனி அண்ணாச்சியின் வட்டுக்கு வருகிறேன். தமிழ் எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் முறையும் ஒன்றாக இருக்கவில்லை. இந்தியத் தர நிறுவனத்தின் இஸ்கி, 1991இல் தரமாக வெளியானது. இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் ஒரே அட்டவணை. எந்த எழுத்துமுறை என்று அறிவிக்கும் குறியும் அதில் உண்டு. அதே ஆண்டு வந்த யூனிகோடின் முதற்பதிப்பு, இஸ்கியின் முந்தைய வடிவத்தைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதியை ஒதுக்கியது. இணையத்தில் கூடிய தமிழார்வலர்கள் டிஸ்கி என்னும் முறையை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டேம், டேப் என்னும் இரண்டு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2010இல் அதே அரசு யூனிகோடைத் தரமாகவும், டேஸ் 16 என்னும் முறையை மாற்றாகவும் அறிவித்தது. இவற்றுக்கு வெளியே, தட்டச்சுப் பொறியின் விசையமைப்பைப் பின்பற்றிய பாமினி போன்ற எழுத்துருக்கள் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் இந்தியாவின் டிடிபி கடைகளிலும் வழங்கின.

இந்த முறைகளை உருவாக்கியவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. இயங்குதளங்கள் யூனிகோடு தமிழைச் சரியாகக் காட்டாத காலத்தில், அவர்கள் இல்லையென்றால் தமிழ் கணினியில் எழுந்தே இராது. என் குறை வேறு. முறைகள் பல இருந்ததால் கேடு வரவில்லை. டிவார்ஃபுக்கும் பல பதிப்புகள் உண்டு. எந்த முறை என்பதைக் கோப்புக்குள் எழுதி வைக்காததே கேடு.

பாமினியை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று அச்சிட, கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மட்டுமே. எழுத்துருவின் பெயர் பேஜ்மேக்கர் கோப்பில் இருந்தது. வெற்று உரையாகப் பிரித்தபோது அதை நான்தான் அழித்தேன். ஆப்ஜெக்ட் கோப்பிலிருந்து வழுநீக்கத் தகவலை உரித்தெடுக்க ‘ஸ்ட்ரிப்’ என்றொரு கட்டளை உண்டு. நான் அறியாமலே அண்ணாச்சியின் கோப்புகளுக்கு அதைச் செய்துவிட்டேன். உரித்த பின் ‘இதில் ஒன்றுமில்லை’ என்று தீர்ப்பும் எழுதினேன்.

அறிவிப்பு இல்லாதபோது ஊகம்தான் வழி. அதற்கும் முறை உண்டு. யூடிஎஃப்-8 வடிவில் உள்ள யூனிகோடு தமிழை அறிவது எளிது: ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் மூன்று பைட்டுகள், முதலாவது 224, இரண்டாவது 174 அல்லது 175. டிஸ்கியில் ஆங்கிலம் பழைய இடத்திலேயே இருக்க, தமிழ் 128க்கு மேல் நிற்கும். எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அமையும். ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். பாமினியில் புள்ளிக்கு உரிய இடத்தில் அரைப்புள்ளி இருப்பதால், சொல்லுக்குள்ளே அரைப்புள்ளிகள் மலிந்த ‘ஆங்கில’ உரையைக் கண்டால் ஐயப்பட வேண்டும். தமிழில் புள்ளி பெற்ற மெய்கள் எவ்வளவு மிகுதி என்பதை எண்ணிப் பார்த்தால், இது எத்துணை வலிய சான்று என்பது விளங்கும். ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரல் தொகுப்பிலும், ஒவ்வொரு குறியாக்கத்துக்கும் தனித்துரிய குறிகளைத் தேடி அடையாளம் காணும் வசதி இருக்கிறது.

மொழியியல் இங்கே கைகொடுக்கிறது. ஐயத்துக்குரிய உரையை ஒவ்வொரு குறியாக்கமாகக் கருதி மாற்றிப் பார்த்து, விளைவு தமிழ்போல் இருக்கிறதா என்று சோதிக்கலாம். சொல்லின் முதலில் வரக்கூடியவை 12 உயிர்களும் 10 மெய்களின் உயிர்மெய்களும் என்கிறது நன்னூல். ஒரு மாற்றத்தில் சொற்கள் ணகரத்திலும் ளகரத்திலும் றகரத்திலும் தொடங்கிக்கொண்டே இருந்தால் அந்தக் குறியாக்கம் அன்று என்று தள்ளலாம். மெய்ம்மயக்க விதிகள் இன்னும் கூரிய கருவி. மொழியின் ஒலியமைப்பை விளக்க எழுந்த இலக்கணம், கோப்பின் வடிவத்தைச் சோதிக்கும் உரைகல்லாகவும் பயன்படுகிறது. ஆய்வு வாழ்வில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த கண்டறிதல்களில் இதுவும் ஒன்று.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மும்பை அழைப்பிதழில் லட்சுமியும் ராஜனும் இருப்பார்கள். டிசம்பர் மாதம் இருக்கும். ரயில் நிலையமும் டாக்சி நிறுத்தமும் முகவரியில் வரும். இவையெல்லாம் நன்னூலின் மொழிமுதல் விதியை மீறுபவை. விதியைக் கண்டிப்பாக வைத்தால் மும்பைத் தமிழரின் உரைகளே முதலில் ‘தமிழ் அன்று’ என்று தள்ளப்படும். பிறமொழிச் சொல் கலந்த தமிழையே ஆராயப் புறப்பட்டவள், அந்தக் கலப்பைக் காரணம் காட்டித் தரவை வீசும் கருவியைச் செய்தேன் என்றால், அது என் துறைக்கே அவமானம். எனவே இலக்கண விதி இங்கே சான்றாக நிற்கலாம், தீர்ப்பாக நிற்கக்கூடாது.

இதனினும் இடரானது, ஒன்றுக்கொன்று நெருங்கிய வடிவங்கள். முற்றிலும் வேறான குறியாக்கத்தைத் தவறாக ஊகித்தால் வருவது குப்பை; குப்பையைக் கண்டதும் திருத்திக்கொள்வோம். ஒரே விசையமைப்பில் பிறந்து, சில குறிகள் மட்டும் இடம் மாறிய இரண்டு எழுத்துருக்களில் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், உரை பெரும்பாலும் சரியாக வரும். ஓர் எழுத்து மட்டும் எங்கும் பிழையாகும். அந்த எழுத்து ஒருவரின் பெயரிலோ ஊரிலோ இருந்தால் எவரும் கண்டுகொள்ளப் போவதில்லை. சொல்வழக்கை எண்ணும் ஆய்வாளர், குறியாக்கப் பிழையை வட்டார வழக்கென்று எழுதி முனைவர் பட்டமும் பெற்றுவிடலாம்.

அலகுதோறும் வடிவம் மாறும் சிக்கலும் இங்கே உண்டு. ஒரே அழைப்பிதழில் மணமக்கள் பெயர் ஓர் எழுத்துருவில், வரவேற்புரை வேறோர் எழுத்துருவில், செம்பூர் மண்டபத்தின் முகவரி ஆங்கிலத்தில். வெற்று உரையாக்கினால் பாமினித் தமிழும் உண்மையான ஆங்கிலமும் ஒரே வகை எழுத்துகளாகிக் கலந்துவிடும். கோப்பு முழுவதற்கும் ஒரு குறியாக்கம் என்று மாற்றினால் முகவரியும் ‘தமிழாகி’ப் பொருளற்றுப் போகும். பத்திக்குப் பத்தி, வேண்டுமானால் சொல்லுக்குச் சொல், வடிவம் கேட்க வேண்டும்.

இந்த ஊகக் கலை நமக்குப் புதிதா? ஏட்டுச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒரே வடிவில் நிற்கும். தாமோதரம்பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் யாப்பையும் இலக்கணத்தையும் சான்றாகக் கொண்டு ஊகித்தே படித்தார்கள். ஆனால் நல்ல பதிப்பாசிரியர் தாம் ஊகித்ததோடு நிற்கவில்லை. பாடவேறுபாடுகளைக் குறித்தார், ஐயமுள்ள இடத்தை ஐயமென்றே சொன்னார். ஏடெழுதியவர்களும் பலர், சுவடியின் இறுதியில் இன்னார் இன்ன நாளில் எழுதி முடித்தார் என்று குறிப்பு வைத்தார்கள். டிவார்ஃபில் ‘எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு இதனை எழுதியது’ என்று பதிவாகும் புலம் ஒன்று உண்டு. அதைக் காணும்போதெல்லாம் ஏட்டின் முடிவுக் குறிப்பே எனக்கு நினைவு வருகிறது. நம் முன்னோர் அறிந்திருந்த ஒழுக்கத்தை நாம் கணினிக்கு வந்தபோது கைவிட்டோம்.

எல்லோரும் கைவிடவில்லை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முன்னெடுப்பில், தன்னார்வலர்கள் உள்ளிட்ட நூல்களை டிஸ்கி வடிவில் வெளியிட்டது. அந்தக் கோப்புகளின் தலைப்பில் இது டிஸ்கி, இன்ன பதிப்பு என்ற வரி இருந்தது. உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களும் இருந்தன. பின்னர் யூனிகோடுக்கு மாறும்போது எதிலிருந்து மாற்றுகிறோம் என்று ஊகிக்க நேரவில்லை. டிஸ்கி, உலக அளவில் குறியாக்கப் பெயர்களைப் பதியும் ஐ.ஏ.என்.ஏ. பட்டியலிலும் இடம்பெற்றது. ஒரு வரி அறிவிப்பு ஒரு நூலகத்தையே காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். முதலாவது: ‘இப்போது எல்லாம் யூனிகோடு, பழங்கதை எதற்கு?’ யூனிகோடுக்கு நாம் மாறினோம். நம் கோப்புகள் மாறவில்லை. 1990களையும் 2000களின் முற்பகுதியையும் சேர்ந்த இதழ்கள், மலர்கள், ஆய்வேடுகள் எத்தனையோ வட்டுகளில் பழைய வடிவிலேயே கிடக்கின்றன. யூனிகோடில் தட்டச்சு செய்த உரையும் பி.டி.எஃப். ஆனபின் எழுத்து வரிசை குலைந்து நகலெடுபடுவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பழைய எழுத்துருவில் அமைந்த பி.டி.எஃப். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது.

இரண்டாவது மறுப்பு: ‘செயற்கை நுண்ணறிவு எதையும் ஊகித்துவிடும்.’ ஊகிக்கும், தன்னம்பிக்கையோடு ஊகிக்கும். அதுவே என் அச்சம். சான்று காட்டாத சரளமான ஊகம், சரியென்று தோன்றும் பிழையை இன்னும் அழகாக்கித் தரும். மேலும் அத்தகைய மாதிரிகளுக்கு உரை திரட்டும்போது முதலில் நடப்பது மொழியறிதல். என் வடிகட்டியைப் போன்ற ஒன்று அங்கே வாயிலில் நின்று ‘தமிழ் இல்லை’ என்று சொன்னால், அந்த உரை உள்ளேயே போகாது. உள்ளே போகாத தமிழை எந்த நுண்ணறிவும் பின்னர் மீட்டுத் தராது.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில. ஆய்வு மாணவர்கள் தாம் திரட்டும் ஒவ்வொரு தரவுத் தொகுதியோடும் ஒரு சிறு குறிப்புக் கோப்பு வைக்கட்டும்: குறியாக்கம், எழுத்துரு, விசைப்பலகை, மென்பொருள், ஆண்டு, கிடைத்த இடம். தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்று எழுதட்டும். மூலக் கோப்பை ஒருபோதும் மாற்றி எழுதாமல், மாற்றிய வடிவத்தைத் தனியே வைக்கட்டும். எழுத்துருக் கோப்பு கிடைத்தால் அதையும் சேர்த்துக் காக்கட்டும். அது இல்லாமல் அட்டவணை செய்ய இயலாது.

ஆய்வேடுகளை மின்வடிவில் தருவது 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளிலேயே இடம்பெற்றுவிட்டது. அதோடு இரண்டு எளிய நிபந்தனைகளைப் பல்கலைக்கழகங்கள் சேர்க்கலாம். பி.டி.எஃப். உடன் மூல உரைக்கோப்பும் வேண்டும், பி.டி.எஃப்.இலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் தமிழாக வர வேண்டும். சரிபார்க்க ஒரு நிமிடம் போதும். கருவி செய்வோர் மூன்று விடைகளையும் தனித்தனியே தரட்டும்; விடையோடு சான்றையும் காட்டட்டும்; கோப்பை விடச் சிறிய அலகில் வடிவத்தைக் கேட்கட்டும்.

தாராவிக்கு மீண்டும் போனேன். அண்ணாச்சியின் பழைய கணினியில் எழுத்துருக்கள் இருந்த கோப்புறையையும் நகலெடுத்துக்கொண்டேன். இந்த முறை பேஜ்மேக்கர் கோப்புகளிலிருந்து எழுத்துருப் பெயரோடு உரையைப் பிரித்தேன். ‘தமிழ் இல்லை’ என்று நான் தள்ளியவற்றுள் ஒன்று, அவருடைய தாயாரின் முதலாண்டு நினைவஞ்சலி. தாமே எழுதித் தாமே அச்சுக்கோத்தது. யூனிகோடில் அது திரையில் வந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாயாரின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டு எழுத்துருக்களை நான் ஒன்றாகக் கொண்டிருந்தேன்.

அதைத் திருத்திவிட்டேன். வடிகட்டியும் இப்போது ‘தமிழ் இல்லை’ என்று எழுதுவதில்லை. ‘வடிவம் தெரியவில்லை, கண்ட சான்றுகள் இவை’ என்று எழுதுகிறது. உங்களிடமோ உங்கள் துறையிலோ அருகிலுள்ள அச்சகத்திலோ இத்தகைய பழைய வட்டுகள் இருந்தால், மாற்றத் தொடங்கும் முன் ஒரு தாளில் எழுத்துருவின் பெயரை எழுதி வட்டோடு வையுங்கள். தட்டச்சு செய்தவர் இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதுங்கள்.